எழுபதில் நேராக ஓடிய வண்டி

அறுபது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் அந்த வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. அறுபத்தைந்தைத் தொட்டதும் பின்பக்கம் லேசாக ஆட ஆரம்பிக்கும். நான் ரிமோட்டை இடப்பக்கம் திருப்பினால் வண்டி வாலை வலப்பக்கம் வீசும். பதறிப்போய் வலப்பக்கம் திருப்பினால் ஒரு சுற்றுச் சுற்றி, தார் ரோட்டில் நாலைந்து குட்டிக்கரணம் போட்டு, ஓரத்துக் கரிசலில் மல்லாந்து கிடக்கும். முழ நீளமுள்ள வண்டிதான். ஆனால் அது உருளும்போது என் பற்கள் கூசும்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கிய ரிமோட் கார் அது. பட்டம் வாங்கியதும் மற்ற இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். வண்டி என்னோடு தங்கியது. எனக்குப் படித்த மெக்கானிக்கலை விட மனசில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள்களின் நிறம் மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலையில் சேர்ந்து, இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான், சென்னையை அடுத்த ஒரு வாகனச் சோதனைக் கம்பெனி பயிற்சிக்கு ஆள் எடுப்பது தெரிந்தது. அவர்கள் மதிப்பெண்ணைப் பெரிதாகக் கேட்கவில்லை. வேகமாகப் போனால் நிலை தடுமாறும் வண்டி ஒன்றை நாமே மாற்றியமைக்க வேண்டும். பொம்மை வண்டியானாலும் பரவாயில்லை. எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மீட்டர் அகலக் கோட்டுக்குள், நூறு மீட்டர் தூரம் ஓட்டி வீடியோ அனுப்ப வேண்டும். தானாக நிலைப்படுத்தும் மின்னணுக் கருவி எதுவும் வைக்கக் கூடாது. வீடியோ பிடித்திருந்தால் நேரில் கூப்பிடுவார்கள். வருகிறவர்களில் இரண்டு பேருக்கு இடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு மீட்டரைக் கடக்க ஐந்து விநாடிதான் ஆகும். என் படிப்புக்கு ஒரு அர்த்தம் கிடைக்க ஐந்து விநாடி போதும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்குக் கையெழுத்து வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்று, இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். பேனாவை நான் பிடிக்கும்போது மற்றவர்கள் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைத்து எழுத முடியாது.

வண்டி விஷயத்தில் மட்டும் அந்த மரியாதை இல்லை. முதல் நாள் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்:

“ஏ பிள்ள, நாலு வருசம் காலேசுல இதத்தான் படிச்சியா? அப்ப நம்ம தெருவுல டவுசர் போட்டவன் பூராம் எஞ்சினீயருதான்.”

ஆனாலும் நான் பேட்டரியைச் சார்ஜ் போட்டால், தீப்பிடித்தால் கொட்ட ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளை அடைத்துவிடுவார்கள். அதனால் மதினிக்கு வேலை இல்லை. அண்ணன் மனைவி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவது முடித்த கையோடு ஆலைக்குப் போனவள், இன்றுவரை அங்கேதான். திரி வைக்கும் ரூமில் வேலை. அந்த வேலையில் பலம் தேவைப்படாது. அழுத்தினால் மருந்து உரசும், விட்டுக் கொடுத்தால் திரி கழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் விரல் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வைப்பாள்.

ஆனைக்குட்டம் போகிற பக்கம் புதிதாகப் போட்ட ரோடு ஒன்று இருந்தது. திறப்பு விழா நடக்காததால் இரண்டு முனையிலும் தார் டிரம்மை வைத்து அடைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மதினியும் ஸ்கூட்டியில் போவோம். நான் ரிமோட்டைப் பிடித்து ஓட்டுவேன், அவள் நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் நின்று வண்டியை எடுத்து வருவாள். ஆடுகள் வந்தால் விரட்டுவதும் அவள்தான்.

“எஞ்சினீயரம்மா, இது வரம் வாங்குன வண்டி. எம்புட்டுத் தடவ செத்தாலும் எந்திரிச்சு வருது” என்று மண்ணைத் தட்டித் தட்டிக் கொண்டுவந்து கொடுப்பாள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு மாற்றம் செய்தேன். வண்டி தரையிலிருந்து அதிகம் தூக்கி நின்றது. ஷாக் அப்சார்பருக்குள் சின்ன வளையங்களைப் போட்டு ஆறு மில்லிமீட்டர் இறக்கினேன். அதில் இருந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். வேகத்தில் ரப்பர் டயர் பலூன் மாதிரி உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டது. டயருக்குள் நார் டேப்பைச் சுற்றி ஒட்டினேன். பேட்டரியை முன்பக்கம் நகர்த்தினேன். மூக்குக்கு அடியில் காற்றுப் புகுந்து தூக்காமல் இருக்க, அச்சகத்தில் தினசரிக் காலண்டரின் தலைப்பில் அடிக்கும் தகரப் பட்டையை வாங்கி வந்து, வளைத்து, தரையை உரசுகிற மாதிரி மாட்டினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். என்ன மாற்றினேன், என்ன வேகத்தில் ஆடியது, எந்தப் பக்கம் சுற்றியது.

ஆட ஆரம்பிக்கும் வேகம் அறுபத்தைந்திலிருந்து அறுபத்தேழு ஆனது. அதற்கு மேல் போகவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. வேகம் ஏற ஏற என் கை வியர்க்கும். வண்டி அசைவதற்கு முன்னாலேயே நான் திருப்பிவிடுவேன். ஆனால் நோட்டில் எழுதுவதற்கு, கை வியர்க்கிறது என்பது ஓர் அளவாகத் தெரியவில்லை. நான் பின்சக்கரங்களின் கோணத்தைக் கணக்குப் பார்த்தேன்.

வீடியோ அனுப்பக் கடைசித் தேதிக்கு முந்தின ஞாயிறு. பின்சக்கரம் இரண்டும், ஏற்கெனவே இருந்த ஒன்றரை டிகிரிக்கு மேல், உள்நோக்கி இன்னும் ஒன்றரை டிகிரி சாய்ந்து பார்க்கும்படி, தகடு வைத்து மாற்றியிருந்தேன். இதுதான் கடைசி மாற்றம், இதற்குப் பிறகு எனக்குச் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை. முதல் ஓட்டத்திலேயே முன்பக்கத் தகரம் கழன்றுவிட்டது. மாட்டிவிட்டு, தரையோடு தரையாகப் படுத்து, ஓடும்போது தகரம் அதிர்கிறதா என்று கண்ணால் பார்க்க நினைத்தேன். ரிமோட்டை மதினியிடம் கொடுத்தேன். துப்பாக்கி மாதிரிப் பிடி, விரலால் இழுத்தால் வேகம், பக்கத்தில் இருக்கிற சின்னச் சக்கரம் திருப்புவதற்கு. அவ்வளவுதான் சொன்னேன். மெதுவாகவே ஓட்டச் சொன்னேன்.

வண்டி என் முகத்துக்கு எதிரே வந்து, காதுப் பக்கமாகக் கடந்து, ரோட்டின் வெள்ளைக் கோட்டை விட்டு விலகாமல் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து போய், வேகத்தை அளக்க வண்டியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு.

“மெதுவாத்தானே போகச் சொன்னேன்” என்றேன்.

“மெதுவாத்தான் இழுத்தேன். அது கேக்குறதுக்கு ஏத்தாப்புல விட்டேன்” என்றாள்.

மறுபடி ஓட்டச் சொன்னேன். எழுபத்தொன்று. மறுபடி. எழுபத்திரண்டு. நான் ரோட்டிலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: பின்சக்கரக் கோணம் மூன்று டிகிரி, வண்டி நிலைத்துவிட்டது. அடியில் இரண்டு கோடு போட்டேன்.

கல்லூரியில் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது. இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அன்று காலையில் நான் இரண்டை மாற்றியிருந்தேன். சக்கரத்தின் கோணத்தை மாற்றினேன், ஓட்டுகிற ஆளை மாற்றினேன். முதலாவதை மட்டும் எழுதினேன். இரண்டாவதை மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது ஒரு மாற்றம் என்றே எனக்குத் தோன்றவில்லை. மதினி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். டிரம்மை நகர்த்தியது மாதிரி, ஆட்டை விரட்டியது மாதிரி.

மதினி சொல்லாமலும் இல்லை. வண்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நேராத்தான் போகுது. ஆனா ஒரு நிலையா இல்ல பிள்ள. புறாவக் கையில புடிச்ச மாதிரி துடிச்சிக்கிட்டே இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ரிமோட்டிலிருந்து வண்டிக்கு அலை போகுமே தவிர, வண்டியிலிருந்து கைக்கு எதுவும் திரும்பி வராது. ஆகவே கைக்குத் துடிப்பு தெரிய வழியே இல்லை. இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அலை, அலைவரிசை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அன்றைக்கே வீடியோ எடுத்தோம். நான் போனைப் பிடித்தேன், அவள் ஓட்டினாள். விண்ணப்பத்தில் ஓட்டியவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயரை எழுதினேன். மாற்றியமைத்தவர் என்ற கட்டத்திலும் என் பெயர்தான். ஒரே பெயர் இருந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் எப்படிச் சொன்னாளோ, எனக்கு வேலையே கிடைத்துவிட்டதாகத் தெருவில் பேச்சு. அண்ணன் எனக்கு ஒரு பெரிய பை வாங்கி வந்தான், வண்டியைப் பஞ்சு வைத்து எடுத்துப் போக. அதற்குள் ரோட்டைத் திறந்துவிட்டார்கள். லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆலையும் திறந்து மதினி வேலைக்குப் போய்விட்டாள். நான் தெருமுனையில் முப்பது வேகத்தில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. முப்பதில் அது எப்போதும் நன்றாகத்தான் ஓடும்.

அந்தக் கம்பெனியின் சோதனைப் பாதை எங்கள் ரோட்டைவிட மழமழப்பாக இருந்தது. தரையில் மஞ்சள் கோடு இரண்டு, நடுவில் ஒரு மீட்டர். என்னைப் பார்க்க ஒரு பெண் பொறியாளரும் ஓர் இளைஞரும் வந்திருந்தார்கள். அந்த அம்மா நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த இளைஞரிடம் மடிக்கணினி இருந்தது. ஐந்து வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்கள்.

முதல் ஓட்டத்தில் அறுபத்தாறில் வண்டி ஆடியது. நான் திருப்பினேன். சுற்றிக்கொண்டு போனது.

தரை புதிது என்று சொல்லிக்கொண்டேன். டயரைத் துணியால் துடைத்தேன். இரண்டாவது ஓட்டம். அறுபத்தேழு. காலண்டர் தகரம் பிய்ந்து ஒரு பக்கம் பறந்தது. மூன்றாவது தடவை நான் சக்கரத்தைத் திருப்பவே கூடாது, விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். திருப்பாமல் விட்டேன். வண்டி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி, சுவர் ஓரத்து டயர் அடுக்கில் போய் முட்டியது. நான்காவது, ஐந்தாவது ஓட்டங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. என் கையில் ரிமோட் வழுக்கியது. எனக்குத் தெரிந்த கணக்கு எல்லாம் எனக்குத் தெரிந்தபடியே இருந்தது. அதில் ஒன்றுகூட அந்த ஐந்து விநாடிக்குள் என் உதவிக்கு வரவில்லை.

அந்த அம்மா வண்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். முன்சக்கரம் இரண்டையும் இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். டிக், டிக் என்று சின்னச் சத்தம். திருப்பும் தண்டு உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள், தேய்ந்து, அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. நான் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் முழுக்க, முன்பக்கத்தில் அந்த ஆட்டம் இருந்திருக்கிறது. சக்கரம் எங்கே பார்க்கிறது என்று சக்கரத்துக்கே தெரியாத நிலை.

“இதோட இந்த வண்டி எழுபதுல நேரா போகாதே” என்றார். பிறகு இளைஞரிடம் என் வீடியோவைப் போடச் சொன்னார்.

பெரிய திரையில், வேகத்தைக் குறைத்துப் போட்டார்கள். போனில் நான் நூறு தடவை பார்த்த வீடியோ. அதில் நான் பார்த்ததெல்லாம் வண்டி கோட்டைவிட்டு விலகவில்லை என்பதைத்தான். இப்போது முன்சக்கரம் தெரிந்தது. அது ஒரு கணம்கூடச் சும்மா இருக்கவில்லை. வண்டி இடப்பக்கம் சாய நினைப்பதற்குள் சக்கரம் ஒரு மயிரிழை வலப்பக்கம் போய், போன வேகத்திலேயே திரும்பியது. மறுபடி இடப்பக்கம். மறுபடி. ஐந்து விநாடிக்குள் எத்தனை தடவை என்று அந்த இளைஞர் எண்ண முயன்று விட்டுவிட்டார். எதிலும் அழுத்தம் அதிகமில்லை, குறைவும் இல்லை.

“வண்டிய சரி பண்ணல. யாரோ கைல தாங்கிட்டே போயிருக்காங்க” என்றார் அந்த அம்மா. “யார் ஓட்டினது?”

என் பெயர் எழுதிய தாள் மேசையில்தான் இருந்தது. நான்தான் என்று சொல்லியிருக்கலாம், அன்று உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நம்பியிருக்க மாட்டார்கள்.

“எங்க மதினி” என்றேன்.

“என்ன பண்றாங்க?”

“பட்டாசுக் கம்பெனியில திரி வைக்கிறாங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஓட்டியவர் கட்டத்தில் என் பெயரை எழுதியதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த வருடம் எனக்கு இடம் தர முடியாது, புஷ்ஷை எடுத்துவிட்டுப் பேரிங் போட்டு அடுத்த வருடம் வரலாம் என்றார். வாசல் வரைக்கும் வந்தவர், “அவங்க உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?” என்று கேட்டார்.

புறா மாதிரித் துடிக்கிறது என்று அவள் சொன்னதை நினைத்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அம்மா தொலைவிலிருக்கும் அந்தக் கம்பெனிக்காரர்களைக் கொஞ்ச நேரம் வைதாள். நம்ம பிள்ளைகளை எல்லாம் அவர்கள் உள்ளே விடுவார்களா என்றாள். நான் அதை மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அண்ணன் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம் என்றான்.

மறுநாள் காலை, ஆலை வேன் வருவதற்கு முன்னால், மதினி சடை பின்னிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“வண்டி ஓடலயாக்கும்?”

“ஓடல மதினி.”

“நீ எழுதுன பேரு, நான் ஓட்டுனது, அது தெரிஞ்சு போச்சா?”

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கட்டத்தில் நான் என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என நான் நினைத்ததே இல்லை. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். எட்டாவது வரைக்கும் படித்தவளுக்குக் கட்டத்தில் எழுதிய பெயரை வாசிக்கத் தெரியாதா.

“தெரிஞ்சு போச்சு.”

“அப்ப என்னாலதான” என்றாள்.

“நீங்க நல்லா ஓட்டுனதுனாலதான் மதினி.”

உண்மையைத்தான் சொன்னேன். அவள் சுமாராக ஓட்டியிருந்தால் வண்டி அன்றைக்கே கவிழ்ந்திருக்கும், நான் காரணத்தைத் தேடியிருப்பேன், அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்திருப்பேன். இதையெல்லாம் அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்த உடனேயே, ரோட்டில் உட்கார்ந்து அலைவரிசை சொல்லிக் கொடுத்த அதே குரல் என் வாயிலிருந்து வருவது எனக்குக் கேட்டது. பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியதும், குற்றம் அவள் மேல்தான் என்று குத்திக்காட்டியது மாதிரி ஆகிவிட்டது. அவள் முகத்தில் அது தெரிந்தது.

“சரி விடு” என்றாள். “எனக்கு என்ன தெரியும், குடுத்தத ஓட்டுனேன்.”

வேன் ஹாரன் அடித்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேரிங் வாங்கிப் போட்டுவிட்டேன். இப்போது முன்சக்கரத்தை அசைத்தால் சத்தம் வருவதில்லை. இந்த வருட விண்ணப்பமும் வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்க வேறொரு ரோட்டையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், வெம்பக்கோட்டைப் பக்கம். வண்டி நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பேரும் ஓட்ட வேண்டும். முதலில் அவள், பிறகு நான், அதே வேகத்தில். மூன்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிட்டேன். ஒரு தரம் துணி துவைக்க வேண்டும் என்றாள். ஒரு தரம் தலைவலி. போன வாரம், நீயே ஓட்டிக்கோ பிள்ள, உனக்குத்தான் அதப் பத்தித் தெரியும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

தனியாகப் போய் ஓட்டினேன். அறுபத்தெட்டில் கவிழ்ந்தது. வண்டியா, கையா என்று தெரியவில்லை.